வீட்டுப் போன்களை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் கட்டி மேய்ப்பது

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் கீழே அப்பா அம்மா, மாடியில் நானும் தம்பியும், காசிமேடு போகும் வழியில் அத்தை. யார் போனில் என்ன கோளாறு என்றாலும் அது என்னிடம்தான் வந்து சேரும். ஸ்டோரேஜ் ஃபுல் என்று காட்டுகிறது, எழுத்து திடீரென்று சின்னதாகிவிட்டது, சிலிண்டர் புக் பண்ண முடியவில்லை, சுயஉதவிக் குழுவில் அனுப்பிய படம் திறக்க மாட்டேன் என்கிறது, இப்படி ஏதாவது ஒன்று. நாலு அங்குலத் திரையை நாலு பேர் குனிந்து பார்ப்பதை விட, மாடியில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் எல்லாப் போன்களையும் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. செய்து முடித்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக இது.

முதலில் எல்லாரும் சொல்வது எனிடெஸ்க், டீம்வியூவர் வகை. ஆப்பைப் போட்டு ஒரு எண்ணைச் சொன்னால் எங்கிருந்தும் போனைப் பார்க்கலாம், வசதிதான். ஆனால் 2019-இல் ரிசர்வ் வங்கியே எனிடெஸ்க் வழியாகப் பணம் திருடுகிறார்கள் என்று எச்சரிக்கை விட்டது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து, யாராவது போன் பண்ணி ஒரு ஆப்பை இறக்கச் சொன்னாலோ திரையில் வரும் நம்பரைக் கேட்டாலோ உடனே கட் பண்ணிவிட வேண்டும் என்று அம்மாவுக்கும் அத்தைக்கும் நானே பாடம் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது நானே அதை இறக்கச் சொன்னால் அந்தப் பாடம் போச்சு. அதனால் எனக்கு வேண்டியது வீட்டுக்குள் மட்டும், கேபிளிலோ வீட்டு வைஃபையிலோ மட்டும் வேலை செய்கிற ஒன்று.

அப்படிக் கிடைத்ததுதான் பிரான்சைச் சேர்ந்த ஜெனிமொபைல் என்ற கம்பெனி வெளியிட்ட ஸ்கிரீன் காப்பி, போன் திரையைக் கம்ப்யூட்டரில் காட்டி மவுஸாலும் கீபோர்டாலும் இயக்க விடும் சாஃப்ட்வேர். தேடும்போது எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற ஆறு எழுத்தை அடியுங்கள். 2018-இலிருந்து இருக்கிறது, இலவசம், மூல நிரல் திறந்தே இருக்கிறது, விளம்பரம் கிடையாது, ரூட் பண்ண (போனின் பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுக்க) வேண்டாம், போனில் எந்த ஆப்பும் நிரந்தரமாக உட்காராது. ஆண்ட்ராய்டு 5-க்கு மேல் எதுவானாலும் ஓடும், போனின் சத்தம் கம்ப்யூட்டரில் கேட்க மட்டும் ஆண்ட்ராய்டு 11 வேண்டும். ஜிப்பை விரித்தால் போதும், கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்கிற கருவியும் உள்ளேயே வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பக்கம் ஐந்து நிமிட வேலை. நேரத்தை எல்லாம் தின்றது போன்கள் பக்கம்தான்.

ஒவ்வொரு போனிலும் செட்டிங்ஸில் போய் அபவுட் போனில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்ட வேண்டும். சில போன்களில் அது சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்று இன்னும் ஒரு படி உள்ளே இருக்கும், இன்னும் சிலவற்றில் கம்பெனியின் சொந்த வெர்ஷன் பெயரைத் தட்ட வேண்டும். தட்டியதும் "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்று வரும். அம்மா அதைப் படித்துவிட்டு, "ஏண்டா, எனக்கு வேலையே போட்டுக் குடுத்துட்டியா?" என்றார். அப்புறம் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ளே யூஎஸ்பி டீபக்கிங்கை, அதாவது கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் போனை இயக்க விடும் அனுமதியை, ஆன் செய்துவிட்டு கேபிளைச் சொருக வேண்டும்.

இங்கே கேபிள் பற்றி ஒரு வார்த்தை. பிளாட்பாரத்தில் ஐம்பது ரூபாய்க்கு வாங்குகிற கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. போன் சார்ஜ் ஆகிறது, கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் சாஃப்ட்வேரை நோண்டாமல் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், போன் பெட்டியோடு வந்த கேபிள் இருந்தால் அதுவே நல்லது. கேபிள் சரியாக இருந்து "அன்ஆதரைஸ்டு" என்று வந்தால் போன் திரையைத் திறந்து பாருங்கள், இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று ஒரு கேள்வி அங்கே நம் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கும். எப்போதும் அனுமதி என்ற கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுத்தால் அடுத்த முறை கேட்காது.

அப்பா போன் தனி ரகம். படம் வருகிறது, மவுஸால் எங்கே அழுத்தினாலும் அசையவில்லை. சில கம்பெனிகள் யூஎஸ்பி டீபக்கிங்குக்குக் கீழே "செக்யூரிட்டி செட்டிங்ஸ்" என்று இன்னொரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், அதையும் போட்டால்தான் வெளியிலிருந்து தொட விடும். அதை ஆன் செய்ய அந்தக் கம்பெனி அக்கவுண்டில் லாகின் கேட்டது, சிம்மும் உள்ளே இருக்க வேண்டும் என்றது. எரிச்சல்தான். ஆனால் பெரியவர்கள் கையில் இருக்கிற போனுக்கு இப்படி ஒரு தடை இருப்பது நல்லது என்றே படுகிறது.

இரண்டு மூன்று போன்களை ஒரே நேரத்தில் சொருகினால் எந்தப் போன் என்று தெரியாமல் அது முழிக்கும். கமாண்ட் ஜன்னலில் ஏடிபி டிவைசஸ் என்று அடித்தால் ஒவ்வொன்றின் சீரியல் எண் வரும், அந்த எண்ணைக் கட்டளையோடு சேர்த்து கிளிக் செய்தாலே ஓடுகிற ஒரு பேட்ச் ஃபைலாகச் சேமித்து டெஸ்க்டாப்பில் அம்மா, அப்பா, அத்தை என்று மூன்று ஐகான் வைத்துவிட்டேன். போன் திரையை அணைத்துவிட்டு கம்ப்யூட்டரில் மட்டும் காட்டும் வசதியும் உண்டு, அத்தை போன் போல பேட்டரி தேய்ந்த போன்களுக்கு உதவும்.

தமிழில் டைப் அடிப்பதுதான் நான் ரொம்ப நேரம் மல்லுக்கட்டிய இடம். கம்ப்யூட்டர் கீபோர்டில் ஆங்கிலம் அடித்தால் நேராகப் போனில் விழுகிறது, தமிழ் அடித்தால் ஒன்றும் விழாது. காரணம், சாதாரண முறையில் அது ஆங்கில எழுத்துகளையும் இன்னும் சில குறிகளையும் மட்டும்தான் போனுக்குள் தள்ளும். ஆனால் காப்பி செய்தது தங்கும் கிளிப்போர்டு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது. அதனால் நோட்பேடில் தமிழில் அடித்து, காப்பி செய்து, போன் ஜன்னலுக்குள் கன்ட்ரோல் வி அழுத்தினால் அப்படியே வந்துவிடும். அம்மாவின் குழுவுக்கு மாதக் கணக்கை நீளமாகத் தமிழில் எழுதி அனுப்புவது இப்போது இப்படித்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன், அனுப்பு பொத்தானை மட்டும் அவரே மவுஸால் அழுத்துவார், அதில் என்னை விடமாட்டார்.

பேங்க் ஆப்பைத் திறந்தால் கம்ப்யூட்டரில் கறுப்பாகத் தெரியும். கோளாறு இல்லை, திரையை யாரும் படம் பிடிக்கக்கூடாது என்று அந்த ஆப்பே தடுக்கிறது. சில பேங்க் ஆப்கள் யூஎஸ்பி டீபக்கிங் ஆனில் இருந்தாலே திறக்க மாட்டேன் என்கின்றன. இதற்குக் குறுக்கு வழி தேட வேண்டாம். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை ஆஃப் செய்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது, பணம் சம்பந்தப்பட்டதெல்லாம் அவரவர் கையிலேயே.

கேபிள் இல்லாமல் வைஃபையில் செய்யலாமே என்று மாடிக்கும் கீழுக்கும் நடுவில் முயன்றபோது ஒரு போனையும் காணவில்லை. மாடியில் சிக்னலுக்காக ஒரு பழைய ரவுட்டரை மாட்டியிருந்தோம், அது தனக்கென்று வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) வரிசை கொடுத்துக்கொண்டிருந்தது. அதில் இந்த முகவரிகளைக் கொடுக்கும் டிஹெச்சிபியை ஆஃப் செய்து, கீழிருந்து வரும் வயரை வான் (இன்டர்நெட் வயர் சொருகும்) போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் போர்ட்டில் சொருகி, அதன் முகவரியும் கீழ் ரவுட்டரோடு மோதாமல் மாற்றிய பிறகுதான் எல்லாம் ஒரே நெட்வொர்க்குக்கு வந்தது. விண்டோஸிலும் அந்த வைஃபை பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள், இல்லையென்றால் ஃபயர்வால் குறுக்கே நிற்கும். ஆண்ட்ராய்டு 11-க்கு மேல் வயர்லெஸ் டீபக்கிங் உண்டு, போனில் வரும் ஒரு எண்ணை வைத்து ஜோடி சேர்த்தால் கேபிளே வேண்டாம். பழைய போன்களில் கேபிள் வைத்து ஏடிபி மூலம் 5555 என்ற நெட்வொர்க் போர்ட்டைத் திறக்க வேண்டும், போனை அணைத்துப் போட்டால் அது போய்விடும். எனக்கு இந்த வயர்லெஸ் அவ்வளவு ஒத்துவரவில்லை, கேபிளே வேகம்.

தம்பி ஆரம்பத்திலேயே, "என் போனைத் தொட்டே, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டான். நியாயம்தான். திரையையே காட்டுவது என்றால் மெசேஜ், படம் எல்லாமே காட்டுவதுதானே. அத்தை கேட்டது அதையே வேறு மாதிரி: "இன்னாடா, நான் வூட்ல தூங்கும்போதுகூட நீ பார்ப்பியா?" கேபிள் இல்லாமல், அவர் போனில் டீபக்கிங் ஆன் இல்லாமல் எதுவும் தெரியாது என்று பிடுங்கிக் காட்டிய பிறகுதான் நம்பினார். தம்பிக்கு, திரையைக் காட்டாமல் போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் மட்டும் போட்டோம். ஃபைல் அனுப்ப, கிளிப்போர்டு பகிர, காணாமல் போன போனை அலற விட, எந்தெந்த அனுமதி என்று அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நோட்டிஃபிகேஷனை அவன் மூடி வைத்திருக்கிறான்.

படங்களுக்கு சின்திங், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபோல்டரை ஒன்றுபோல வைக்கும் ஆப். எல்லார் போன் கேமரா ஃபோல்டரும் வைஃபையில் இருக்கும்போது தானாகக் கம்ப்யூட்டரில் வந்து சேரும், நடுவில் எந்த கிளவுடும் இல்லை. இதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப்பை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், நான் போட்டது எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கடையில் கிடைத்த, அதிலிருந்து பிரிந்த சின்திங் ஃபோர்க். இரண்டு விஷயம் கவனியுங்கள். பேட்டரி ஆப்டிமைசேஷனில் இந்த ஆப்புக்கு விலக்கு கொடுக்காவிட்டால் போன் அதைத் தூங்க வைத்துவிடும். இன்னொன்று இதைவிட முக்கியம். இது ஒத்திசைவு, பேக்கப் இல்லை. இடமில்லை என்று அம்மா போனில் படத்தை அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழிந்துவிடும். அதனால் கம்ப்யூட்டர் பக்கம் அந்த ஃபோல்டருக்கு ஃபைல் வெர்ஷனிங்கில் டிராஷ் கேன் முறையைப் போட்டு, எத்தனை நாள் வைக்க என்ற இடத்தில் பூஜ்யம் கொடுத்தேன், அழித்தவை ஒரு தனி ஃபோல்டரில் காலத்துக்கும் கிடக்கும். அதையும் மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைக்கிறேன்.

வாட்ஸ்அப் படங்கள் கேமரா ஃபோல்டரில் இருக்காது. புதிய ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டு, மீடியா என்று உள்ளே போனால் வாட்ஸ்அப் ஃபோல்டர் தெரியும். அம்மா போனில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது முழுக்க அங்கே இருந்த காலை வணக்கப் பூக்களும் முருகர் படங்களும்தான். முருகரை மட்டும் அழிக்கக்கூடாது என்று உத்தரவு, அவரைத் தனி ஃபோல்டருக்கு மாற்றினேன்.

கம்ப்யூட்டரை விற்கப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு போனிலும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ரிவோக் யூஎஸ்பி டீபக்கிங் ஆதரைசேஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்திவிட்டுக் கொடுங்கள். எப்போதும் அனுமதி என்று கொடுத்ததெல்லாம் அதோடு ரத்தாகிவிடும்.