இதயப் பம்ப் உள்ளவருக்குக் குடல் புற்றுநோய் அறுவை: நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இதயத்தின் இடது கீழறைக்குப் பம்ப் வைத்தவருக்கு மலத்தில் ரத்தம் போனால், முதலில் எல்லோர் நினைவுக்கும் வருவது குடல் சுவரின் சிறு ரத்தக் குழாய்க் கசிவுதான். அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. சுழலும் பம்புக்குள் ரத்தம் உராயும்போது வான் வில்லிபிராண்ட் என்ற உறைபுரதத்தின் நீண்ட இழைகள் விரிந்துகொடுக்கின்றன. ரத்தத்தில் உள்ள நொதி ஒன்று அவற்றைத் துண்டாக்கிவிடுகிறது. மிஞ்சும் குட்டை இழைகளால் தட்டணுக்களைச் சரியாகப் பிடித்துவைக்க முடியாது. போதாததற்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வேறு.

இப்படி ஒரு விளக்கம் தயாராக இருப்பதுதான் ஆபத்து. மேல் எண்டோஸ்கோப்பியில் ஒரு சின்னக் கசிவைப் பார்த்து, அதைச் சுட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். பெருங்குடலின் தொடக்கம்வரை கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழி கேமரா சோதனை) முடியாமல் இந்தக் கோப்பை மூடக் கூடாது. வலப்பக்கக் கட்டி பெரும்பாலும் வலி தராது, மலச்சிக்கலும் காட்டாது. இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகையாகத்தான் தலைகாட்டும்.

பம்ப் உள்ளவருக்கு எம்.ஆர்.ஐ. கிடையாது, எந்தச் சூழலிலும். மருந்து ஏற்றிய சி.டி.யில் மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் பார்க்கலாம். பம்ப் பக்கத்தில் உலோகக் கீற்றுகள் படத்தைக் கெடுக்கும், கல்லீரலின் மேல் இடப்பகுதி தெளியாமல் போகலாம். மலக்குடல் கட்டி என்றால் எம்.ஆர்.ஐ. தரும் ஆழக் கணக்குக்குப் பதில் ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட். சந்தேகமான நிணநீர் முடிச்சுக்கு பெட்-சி.டி.

பிப்ரவரி 4, செவ்வாய்

"ஏற்கெனவே இதயம் போனவர், இவருக்கு எதற்குப் புற்றுநோய் அறுவை?" இந்தக் கேள்வி மருத்துவக் குழுவின் கூட்டத்தில் கட்டாயம் வரும். ஹார்ட்மேட் 3 பம்பை ஆராய்ந்த மோமென்டம் 3 ஆய்வில், 5 ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் ஏறக்குறைய 58 சதவீதம். குடலை அடைத்து நிற்கும் கட்டி அவ்வளவு காலம் காத்திருக்காது. மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவரின் பெயரும் புற்றுநோய் இருக்கும்வரை பட்டியலில் நகராது. பரவாத கட்டியை எடுத்துவிடுவதுதான் என் பக்கம். பரவிவிட்டது, வலது கீழறையும் தளர்ந்துவிட்டது என்றால் அடைப்பை விரிக்கும் ஸ்டென்ட் குழாயோ, பெருங்குடல் வாயை வயிற்றுச் சுவரில் திறந்துவிடுவதோ போதும்.

பிப்ரவரி 6, வியாழன்

ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தின் கணக்கு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு ஐ.என்.ஆர்.; வழக்கமான இலக்கு 2.0 முதல் 3.0. அறுவைக்கு 5 நாள் முன்பு வார்ஃபரினை நிறுத்தி, தினமும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். 2-க்குக் கீழே இறங்கியதும் நரம்பு வழி உறைவுத் தடுப்பு மருந்தான சாதாரண ஹெப்பரின் சொட்டு, போலஸ் (தொடக்கத்தில் ஒரேயடியாகத் தரும் அளவு) இல்லாமல். கத்தி வைப்பதற்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு அதுவும் நிற்கும். ஹார்ட்மேட் 3-ல் பம்புக்குள் ரத்தம் உறைவது மிக அரிது என்பதால் ஹெப்பரின் இல்லாமலே கடக்கும் மையங்களும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்போ பழைய பக்கவாதமோ இருந்தால் அந்தத் துணிச்சல் வேண்டாம். புற்றுநோயும் தன் பங்குக்கு ரத்தத்தை உறையவைக்கும் நோய்தான்.

ஆஸ்பிரின்: 2023-இல் வந்த ஏரீஸ் ஆய்வில், ஹார்ட்மேட் 3 உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினை விலக்கியபோது ரத்தக்கசிவு குறைந்தது, உறைவுச் சிக்கல் கூடவில்லை. யாராவது இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால், நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்காமலே விடலாமா என்று கேட்க இதுவே நேரம்.

குடல் ஓட்டையாகி அவசரமாக வந்தால் 5 நாள் கிடைக்காது. அப்போது குறைந்த அளவு வைட்டமின் கே, கூடவே உறைகாரணிச் செறிவு சிறு சிறு அளவாக. ஒரேயடியாகக் கொட்டினால் பம்புக்கு ஆபத்து. பிளாஸ்மாவை லிட்டர் கணக்கில் ஏற்றினால் வலது கீழறை வீங்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பம்பின் மின்கம்பி, அதாவது டிரைவ்லைன், வயிற்றுச் சுவருக்குள் நீளமாக ஓடி மேல் வயிற்றில் ஒரு பக்கம் வெளியே வருகிறது. வெளித்துளை தெரியும், உள்ளே அது போகும் பாதை தெரியாது. சி.டி.யில் தொடர்ந்து பார்த்து, முந்தின நாளே அல்ட்ராசவுண்ட் வைத்து, மார்க்கரால் தோலில் முழுப் பாதையையும் வரைய வேண்டும். படுக்கையிலும் உட்காரவைத்தும் இருமுறை. வயிறு மடியும் இடத்தில் கோடு இரண்டு விரல்கடை நகர்வதைக் காணலாம். போர்ட் (கருவி நுழையும் சிறு குழாய்) குத்துவது அந்தக் கோட்டிலிருந்து தள்ளி; முதல் போர்ட் கண்ணால் பார்த்துத் திறந்த முறையில். பழைய ஹார்ட்மேட் 2 என்றால் பம்பே இடது மேல் வயிற்றின் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கால்பகுதியைத் தொடவே கூடாது.

ஸ்டோமா, அதாவது வயிற்றுச் சுவரில் திறக்கும் குடல் வாய், தேவைப்படலாம் என்றால் அதன் இடத்தையும் இன்றே குறிக்க வேண்டும், டிரைவ்லைன் துளைக்கு எதிர்ப்பக்கம். மலம் கசியும் பையும் கம்பித் துளையும் அருகருகே இருந்தால் துளையில் தொற்று ஏறும். ஏறிய தொற்று கம்பியோடு உள்ளே போகும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாட்டிக்தான்.

குடல் சுத்தம் செய்யும் மருந்து. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டில் குடிக்கக் கொடுத்து, வழக்கமான சிறுநீர் மாத்திரையும் தொடர்ந்தால், மறுநாள் மேசைக்கு வருபவர் வற்றிப்போய் வருவார். பம்ப் ரத்தத்தை உண்டாக்காது; இடது கீழறைக்கு வந்து சேர்ந்ததைத்தான் தள்ளும். வருவது குறைந்தால் கீழறைச் சுவரையே உள்ளிழுக்கும். ஆகவே முதல் நாளே மருத்துவமனையில் சேர்த்து, மருந்து குடிக்கும்போதே நரம்பில் திரவம், சிறுநீர் மாத்திரை நிறுத்தம், காலை மாலை எடை.

பிப்ரவரி 10, திங்கள்

தியேட்டருக்குள் மின்சாரம். நடமாடும்போது 14 வோல்ட் பேட்டரி இரண்டு போதும். மேசையில் சுவர் மின்சாரத்துக்கு மாற்றி, மானிட்டரையும் இணைக்க வேண்டும். மாற்றும்போது ஒரு கம்பியைக் கழற்றி, பொருத்தி, பச்சை விளக்கு பார்த்தபின்தான் அடுத்தது. இரண்டையும் ஒன்றாகக் கழற்றுவது இந்த வேலையில் மன்னிக்க முடியாத பிழை. கன்ட்ரோலருக்குள் உள்ள அவசர பேட்டரி 15 நிமிடம்தான் தாங்கும். நிறைத்த பேட்டரிகளும் மாற்றுக் கன்ட்ரோலரும் நோயாளியோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். வார்டு அலமாரியில் இருந்தால் அவை இல்லாததற்குச் சமம்.

பெரும்பாலோர் உடம்பில் ஐ.சி.டி.யும், அதாவது கெட்ட துடிப்புக்கு ஷாக் தரும் கருவியும், இருக்கும். திசுவை மின்சாரத்தால் வெட்டிச் சுடும் சுடுகருவியின் அலையைக் கெட்ட துடிப்பு என்று எண்ணி அது ஷாக் கொடுத்துவிடும். ஷாக் பகுதியை நிரல்வழி அணைத்து, வெளி டிஃபிப்ரிலேட்டர் பேட் ஒட்ட வேண்டும். சுடுகருவியின் தகடு தொடையில், மின்னோட்டம் மார்பைக் கடக்காதபடி.

பம்ப் ரத்தத்தைத் தொடர்ந்து தள்ளுவதால் நாடி தொட்டுக் கிடைக்காது. ரத்த அழுத்தக் கஃப் பல நேரம் பிழை காட்டும். விரல் ஆக்சிமீட்டரும் நம்பத்தக்கதல்ல. அல்ட்ராசவுண்ட் பார்த்து மணிக்கட்டுத் தமனியில் அழுத்தம் அளக்கும் லைன். சராசரி அழுத்தம் 70 முதல் 90 மி.மீ. பாதரசம். 90-ஐத் தாண்டினால் மூளை ரத்தக்கசிவு பயம் மட்டுமில்லை, பம்பின் ஓட்டமும் குறையும். நெற்றியில் மூளை ஆக்சிஜன் சென்சார், உணவுக்குழாய் வழி எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்).

பிப்ரவரி 11, செவ்வாய்

லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவையில்) வயிற்றுக்குள் கரியமில வாயுவைக் காற்றாக ஏற்றும் அந்த ஐந்து நிமிடம்தான் முழு அறுவையிலும் கண் இமைக்கக் கூடாத நேரம். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும்போது கீழ்ப் பெருஞ்சிரை நசுங்கி இதயத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. அதே சமயம் தமனி எதிர்ப்பு கூடுகிறது. உறிஞ்சப்படும் கரியமில வாயு நுரையீரல் குழாய்களைச் சுருக்குகிறது. பம்ப் தாங்குவது இடது பக்கத்தை மட்டும்; வலது கீழறைக்குத் துணை யாருமில்லை. அது திணறினால் நுரையீரலைக் கடந்து இடப்பக்கம் ரத்தம் வராது.

காற்றழுத்தம் வழக்கமான 15 மி.மீ. பாதரசத்துக்குப் பதில் 8-இல் தொடங்கி, மெதுவான ஓட்டத்தில் 10 வரை. பார்வை போதாவிட்டால் 12, அதற்கு மேல் வேண்டாம். மூச்சை ஈடுகட்டி, வெளிவரும் கரியமில வாயுவை 40 மி.மீ. பாதரசத்துக்குள் வைக்க வேண்டும். அதற்கென்று நுரையீரலை அழுத்தி ஊதினால் மறுபடி வலது கீழறைதான் அடிபடும். மூச்சு எண்ணிக்கையைக் கூட்டுவது மேல்.

மேசைச் சாய்வு அடுத்தது. சிக்மாய்டு (பெருங்குடலின் கடைசி வளைவு) கட்டிக்குத் தலையைத் தாழ்த்தினால் ரத்தம் மொத்தமாக வலது பக்கம் பாயும். மண்ணீரல் பக்க வளைவை விடுவிக்கத் தலையை உயர்த்தினால் வரவு நின்றுபோகும். ஐந்தைந்து பாகையாகச் சாய்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் மானிட்டரைப் பார்த்து, பிறகு அடுத்தது. அறுவை மருத்துவர் காத்திருக்கத்தான் வேண்டும். காற்றும் சாய்வும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெட்டித் திறப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

பம்பின் ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே போய் அலாரம் அடித்தால், கை முதலில் வேகப் பொத்தானுக்குப் போகக் கூடாது. மைய சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்குள் நுழையும் பெருஞ்சிரையின் அழுத்தத்தை, பார்க்கவும். குறைவு என்றால் திரவமோ ரத்தமோ போதவில்லை: காற்றை இறக்கி, சாய்வை நேராக்கி, திரவம் ஏற்றவும். அதிகம் என்றால் வலது கீழறை தளர்கிறது; அதற்குத் துணை மருந்துகள்: மில்ரினோன், வாசோபிரெசின், மூச்சுவழி நைட்ரிக் ஆக்சைடு. சராசரி அழுத்தம் 95, 100 என்று நின்றால் தமனி எதிர்ப்புதான் காரணம்; மயக்கத்தை ஆழமாக்கவும். எக்கோவில் இரு அறைகளுக்கிடைச் சுவர் இடப்பக்கம் ஒட்டினால் உறிஞ்சல். அப்போது மட்டும் வேகத்தை 100, 200 சுற்றாகக் குறைக்கலாம். அழுத்தத்தை உயர்த்தும் ஃபினைலெஃப்ரின் நுரையீரல் குழாய்களின் எதிர்ப்பையும் கூட்டுவதால் என் முதல் தேர்வு அல்ல.

மானிட்டரில் தெரியும் ஓட்டம் அளந்த எண் அல்ல. வேகம், மின்சக்தி, ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மூன்றையும் வைத்துப் போட்ட கணக்கு. ரத்தம் இழந்தபின் புதிய ஹீமடோக்ரிட்டை உள்ளிடாவிட்டால் எண் பொய் சொல்லும். மின்சக்தி திடீரென்று ஏறி ஓட்டமும் கூடியதாகக் காட்டினால் மகிழ வேண்டாம், பம்புக்குள் உறைவு இருக்கலாம்.

ரத்தம் ஏற்ற நேர்ந்தால் வெள்ளணு நீக்கியது மட்டும். மாற்று இதயத்துக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் உருவாகாமல் இருக்க.

பிப்ரவரி 14, வெள்ளி

மேசையிலிருந்து இறக்கியவுடன் ஐ.சி.டி.யின் ஷாக் பகுதியைத் திரும்ப இயக்க வேண்டும். அதிகம் மறக்கப்படுவது இதுதான். பொறுப்பாளர் பெயரோடு தாளில் எழுதி ஐ.சி.யு. படுக்கையில் ஒட்டுவது நல்லது.

ஹெப்பரின் மறுதொடக்கம் 24 முதல் 72 மணி நேரத்துக்குள், போலஸ் இல்லாமல், தாழ்ந்த இலக்கில். வடிகுழாயில் சிவப்பு குறைந்து, இரு ஹீமோகுளோபின் அளவுகள் ஒன்றாக நின்றபின். வான் வில்லிபிராண்ட் குறையால் இணைப்பிடத்திலும் போர்ட் துளையிலும் மூன்றாம் நாள்கூடக் கசியும். வலிக்கு டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம். முதுகுத்தண்டு எபிடூரலும் வேண்டாம். பாராசிட்டமாலும் அளவான ஓபியாய்டும். வயிற்றுச் சுவர் மரப்பூசி என்றால் டிரைவ்லைன் இல்லாத பக்கம் மட்டும்.

பிப்ரவரி 19, புதன்

வார்ஃபரின் திரும்பும்போது பழைய அளவு ஒத்துவராது. சாப்பாடு குறைவு, குடல் கிருமிகள் ஆன்டிபயாட்டிக்கில் அழிந்திருக்கும், மெட்ரோனிடசோல் வேறு. ஐ.என்.ஆர். எகிறும். குறைந்த அளவில் தொடங்கி தினமும் பார்க்கவும்.

சிறுகுடல் ஸ்டோமா உள்ளவர் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பையில் இழந்தால், வீட்டில் பம்ப் அலாரமாக அது கேட்கும். அதனால் இயன்றவரை பெருங்குடல் ஸ்டோமாவே என் தேர்வு. வீட்டில் அளவுக் குவளை, எடை இயந்திரம், உப்பு-சர்க்கரைக் கரைசல் மூன்றும் இருக்க வேண்டும்.

கீமோ தேவைப்பட்டால் கேப்சிடபின் வார்ஃபரினோடு சேர்ந்து ஐ.என்.ஆரை அபாயமாக உயர்த்தும். ஐந்தாம் மருந்து நாளுக்குள் ஒரு பரிசோதனை, பிறகு வாரம் இருமுறை. தட்டணு குறையும் வாரத்தில் வார்ஃபரின் இலக்கையும் இறக்க வேண்டியிருக்கும். அந்த எண்ணைப் பம்ப் குழுவும் புற்றுநோய்க் குழுவும் முதல் சுற்றுக்கு முன்பே சேர்ந்து எழுதி வைக்க வேண்டும்.