ரகுவரன் வேலைக்கு வந்த சிமென்ட் ஆலை

2008 மார்ச் 19. எனக்கு மதிய ஷிப்ட். தென்மாவட்டத்தில் ஒரு சிமென்ட் ஆலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கன்ட்ரோல் ரூமுக்குள் நுழையும்போதே ரகுவரன் இறந்துவிட்ட செய்தியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாட்ஷா மார்க் ஆன்டனியைச் சொன்னார். இன்னொருவர் முதல்வன் படத்துப் பேட்டிக் காட்சியைச் சொன்னார். எனக்கு அஞ்சலி அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஃபோர்மேன் அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏழாவது மனிதன் பாத்திருக்கியளா தம்பி? அவரு ஹீரோவா நடிச்ச மொதப் படம். நம்ம கததான் அது. சிமென்ட் பேக்டரிக் கத."

நான் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அண்ணாச்சி அதைத் தியேட்டரில் பார்த்தவர். அப்போது அவர் பேக்கிங் பிரிவில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாராம். கொட்டகையில் இருபது பேர்கூட இல்லை, ஆனால் வெளியே வந்தபோது யாரிடமும் பேசத் தோன்றவில்லை என்றார். பிறகு மீட்டர்களைப் பார்த்தபடியே 'காக்கைச் சிறகினிலே' என்று மெல்ல முனகினார். யேசுதாஸ் குரலில் ஊருக்கே தெரிந்த அந்தப் பாட்டு இந்தப் படத்துப் பாட்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

படம் எனக்குக் கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. குவார்ட்டர்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பில், மங்கிப்போன பிரதியில்தான் பார்த்தேன். இயக்கியவர் கே. ஹரிஹரன். பூனா திரைப்படக் கல்லூரியில் படித்தவர். 1976இல் நண்பர்களுடன் கூட்டாக மராத்தியில் 'காஷிராம் கோத்வால்' எடுத்தவர். ஓம் பூரியின் தொடக்க காலப் படங்களில் அதுவும் ஒன்று. பின்னாளில் பெரிய நடிகர்களாக வந்த இரண்டு பேரின் ஆரம்பத்தில் இந்த ஒரு மனிதர் நின்றிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். பாரதி பிறந்த நூறாவது ஆண்டான 1982இல் வந்த படம் இது. பாடல்கள் எல்லாமே பாரதியுடையவை, எல். வைத்தியநாதன் இசை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அப்படியும் ரகுவரன் என்றால் யாரும் இதைச் சொல்வதில்லை.

கதை சுருக்கமானது. படித்த இளைஞன் ஒருவன் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வேலைக்கு வருகிறான். அங்குள்ள சிமென்ட் ஆலையின் தூசு ஊரை எப்படி வாட்டுகிறது என்று பார்க்கிறான். ஊர் மக்களோடு சேர்ந்து முதலாளியை எதிர்க்கிறான். இப்படிச் சொன்னால் வழக்கமான கதை போலத்தான் இருக்கும். ஆனால் சிமென்ட் ஆலைக்குள் சம்பளம் வாங்குகிறவன் பார்க்கும்போது அது வேறு படம்.

ஏன் என்று சொல்ல, ரகுவரன் இறப்பதற்கு முந்தைய மாதம், பிப்ரவரியில் ஓர் இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சூளையை நாங்கள் கில்ன் என்போம். அதன் புகை, தூசைப் பிடிக்கும் ஈஎஸ்பி என்ற பெரிய பெட்டி வழியாகத்தான் புகைபோக்கிக்குப் போகும். உள்ளே வரிசையாகத் தகடுகள், நடுவே உயர் மின்னழுத்தக் கம்பிகள். தூசுக்கு மின்னேற்றம் வந்து தகட்டில் போய் ஒட்டும். சுத்தியல்கள் தட்டித் தட்டி அதைக் கீழே உள்ள தொட்டியில் விழவைக்கும். ஒழுங்காக ஓடினால் புகைபோக்கி உச்சியில் எதுவுமே தெரியாது. ஆனால் நிலக்கரி சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஏறும். அந்த வாயுவில் ஒரு பொறி பட்டால் பெட்டியே வெடித்துவிடும். அதனால் அளவு தாண்டியதும் ஈஎஸ்பி தானாகவே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். எங்கள் பேச்சில் அது சிஓ ட்ரிப். திரும்பப் போடும்வரை கில்ன் தூசு அத்தனையும் அப்படியே வானத்துக்குப் போகும்.

அன்று இரவு 2.40க்கு ட்ரிப் ஆனது. சரிசெய்து திரும்பப் போட 11 நிமிடம் பிடித்தது. வெளியே போய்ப் பார்த்தேன். ஃபிளட் லைட் வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு தூண் எழும்பி, காற்றில் சாய்ந்து, கிழக்கே இருந்த கிராமத்துப் பக்கம் போனது. உள்ளே வந்து லாக் புக்கை எடுத்தபோது, 3 நிமிடம் என்று எழுதச் சொன்னார் மேலே இருந்தவர். காரணத்துக்கு மின்தடங்கல் என்று போடச் சொன்னார். நான் எழுதினேன். கை நடுங்கவில்லை, தூக்கமும் கெடவில்லை. 23 வயது, வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம். அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது.

மறுநாள் ஊரிலிருந்து ஆள் வந்து சத்தம் போட, குறிப்பெடுத்து வர என்னை அனுப்பினார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, வாசல் மரத்திலிருந்து ஒரு கொத்து முருங்கைக்கீரை ஒடித்துக் கையில் கொடுத்தார். பச்சையே தெரியவில்லை. கில்ன் தூசில் சுண்ணாம்பு உண்டு. விடியற்காலைப் பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு இலைமேலும் மெல்லிசாக ஒரு பூச்சு இறுகிக் கிடந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். இலைதான் கிழிந்தது, பூச்சு அப்படியே இருந்தது.

"இத எப்படிய்யா ஆஞ்சு கொழம்பு வைக்கது?" என்றார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே கேட்பது போலத்தான் கேட்டார்.

குறிப்பேட்டில் 'இலைகளில் லேசான தூசு' என்று எழுதிக்கொண்டு திரும்பினேன்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன். அதில் 23, 24 வயது ரகுவரன். ஒல்லியான நெட்டை உருவம். பின்னாளில் நாம் பயந்த அந்தக் குரலும் முகமும் இன்னும் இறுகவில்லை. என்னை உலுக்கியது அவன் எதிர்த்து நின்றது அல்ல. அவன் வேலைக்கு வந்தவன் என்பதுதான். வெளியிலிருந்து வந்து கோஷம் போடுகிறவனுக்கும், அந்த ஆலையை நம்பி வந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. தூசையும் பார்த்து, சம்பளத்தையும் நினைத்து, ஒரு மனிதன் எந்த இடத்தில் நின்று பேச ஆரம்பிக்கிறான்? அந்தக் கேள்வியை ரகுவரன் முகத்தில் பார்க்கிறேன். பின்னாளில் வில்லனாக நடிக்கும்போது அவர் எடுத்துக்கொண்ட அந்த மௌனங்கள், அவசரமில்லாத பார்வை எல்லாம் இங்கே ஒரு நல்லவனுக்காகத் தொடங்கியவை என்றே நான் நம்புகிறேன்.

சுற்றுச்சூழல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே வந்த பிறகுதான் படம் வந்த காலம் புரிந்தது. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981இல்தான் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொடங்கியது 1982 பிப்ரவரியில். போபால் நடக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வர நாலு வருடம். அதாவது, ஆலைத் தூசைப் பற்றிப் புகார் கொடுக்க ஒரு மேசை போடப்பட்ட அதே வருடத்தில் இந்தப் படம் வந்திருக்கிறது. இதை எடுத்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது கணக்கே வேறு. முன்பு பெரிய ஆலைகளுக்கு ஒரு கன மீட்டருக்கு 250 மில்லிகிராம் தூசுவரை அனுமதி இருந்தது. இன்று 30. புகைபோக்கியிலேயே கருவி இருக்கிறது, அளவு நேராக வாரியத்தின் சர்வருக்குப் போகிறது. நிமிடத்தைப் பேனாவால் குறைக்க முடியாது. ஈஎஸ்பி இருந்த இடத்தில், துணிப் பைகளால் தூசைப் பிடிக்கும் பை வடிகட்டி வந்துவிட்டது. அண்ணாச்சி ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது.

ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன். அப்புறம் என் 11 நிமிடத்தையும் சொல்வேன். மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுவது சரியில்லை. கடந்த முறை ஒரு பெண் கேட்டாள், "சார், அந்த லாக் புக்கை இப்ப திருத்த முடியாதா?"

அந்தப் புத்தகமே இப்போது இல்லை, எப்போதோ கழித்துவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு, மறுநாள் அவளை அந்த ஊருக்குக் கூட்டிப்போனேன். பாட்டி இல்லை. மரம் நிற்கிறது. மருமகள் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்து, ஒரு சட்டியில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். கீரையை முக்கி எடுத்தோம். தண்ணீர் லேசாகத்தான் கலங்கியது. அந்தப் பெண் குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.