விதைக்கு விட்ட சவலைகள்

சுரைக்கொடியில் திரண்டு வரும் முதல் நல்ல காயை அம்மா பறிக்கவிடமாட்டாள். காம்பில் துணி கட்டி, "இது விதைக்கு" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. கொடி காய்ந்த பிறகும் அந்தக் காய் முற்றித் தொங்கும். அவள் பெற்ற பிள்ளையாகிய நான் மீன் குட்டையில் எட்டு ஆண்டுகளாகச் செய்தது இதற்கு நேர் எதிர்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் வயலை ஒட்டி முப்பது சென்ட் குட்டை. கட்லாவும் ரோகுவும் குஞ்சு வாங்கி விடுவோம். ஜிலேபி மீனை யாரும் வாங்கி விடவில்லை. கால்வாய்த் தண்ணீரோடு வந்து குடியேறிக்கொண்டது. தானாக வந்ததை ஏன் விடுவானேன் என்று அதையும் வளர்த்தேன். கோடையில் தண்ணீர் குறைந்ததும் வலை இழுப்போம். கால் கிலோவைத் தாண்டியதெல்லாம் கரையில் தராசோடு நிற்கும் வியாபாரிக்கு. உள்ளங்கை அளவு எங்கள் குழம்புக்கு. மீதிப் பொடிகளை, "பிழைத்துப் போகட்டும்" என்று திரும்பக் குட்டையிலேயே கொட்டிவிடுவேன்.

வர வர, கால் கிலோ மீன் கண்ணில் படுவதே அரிதாயிற்று. சாணத்தைக் கூட்டினேன், புண்ணாக்கை மாற்றினேன், தவிட்டில் உமியைக் கலக்கிறார் என்று தவிட்டுக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன்.

ஒரு நாள் கூடையில் கிடந்த ஒரு ஜிலேபிக்குத் தாடை உப்பியிருந்தது. என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். தாடையை மெல்ல அழுத்தினேன். கடுகைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் முட்டைகள் உள்ளங்கையில் கொட்டின. இந்த இனத்தில் தாய் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அத்தனை நாளும் சரியாகத் தின்னாது. விரல் நீளத்தில் தாயாகி, தின்பதையும் விட்ட மீன் எங்கிருந்து வளரும்? வளர்ந்தவற்றை ஆண்டுதோறும் விற்றுவிட்டு, பிஞ்சிலே பழுத்தவற்றையே குட்டைக்கு வாரிசாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நெருக்கடியிலும் ஜிலேபி சிறுத்துத்தான் போகும். பழி முழுவதையும் பரம்பரை மேல் போட முடியாது. ஆனாலும் அன்றைக்கு அம்மாவின் சுரைக்காய்தான் நினைவுக்கு வந்தது.

புத்தி வந்துவிட்டது என்று, அடுத்த கோடையில் இருப்பதிலேயே பெரிய இருபது மீன்களைப் பொறுக்கித் தனிக் குழியில் விட்டேன். ஒரு மாதம் கழித்தும் ஒரு குஞ்சு இல்லை. ஆளுக்கொரு பள்ளம் தோண்டிக்கொண்டு ஒன்றையொன்று விரட்டின. உடம்பு கன்னங்கரேல் என்று கறுத்து, தாடைக்குக் கீழே மட்டும் வெள்ளை. அத்தனையும் ஆண்! ஜிலேபியில் ஆண்தான் வேகமாக வளரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "இருபது மாப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பெண் எங்கே என்று தேடுகிறாயா?" என்று அம்மா சிரித்ததை ஊரே கேட்டது.

பெரியதைப் பொறுக்குவது வேறு, நல்ல விதையைப் பொறுக்குவது வேறு என்பது அதற்குப் பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. என் குழியில் பெரியதாக இருந்தது மூன்று மாதம் முன்னால் பிறந்ததாகவும் இருக்கலாம், தீவனம் விழும் மூலையைப் பிடித்துக்கொண்ட ரவுடியாகவும் இருக்கலாம். புவனேஸ்வரத்தில் கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையத்தில், நார்வே நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1992-இல் ரோகுவை மேம்படுத்தத் தொடங்கியபோது இந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் என்று ஐந்து ஆறுகளின் ரோகுவைத் தங்கள் பண்ணை ரோகுவோடு கலந்தார்கள். ஒவ்வொரு தாய் தந்தையின் குஞ்சுகளையும் தனித்தனியே வளர்த்து, நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய அடையாளச் சில்லை ஊசியால் உடம்புக்குள் செலுத்தி, அதன்பிறகே எல்லாவற்றையும் ஒரே குளத்தில் விட்டார்கள். அறுவடையில் ஒரு மீனின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அதன் அண்ணன் தம்பி அக்காள் தங்கைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதும் சேர்ந்துதான் மதிப்பெண். தலைமுறைக்குச் சுமார் 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997-இல் வெளிவந்ததால் அதற்கு 'ஜெயந்தி ரோகு' என்று பெயர்.

ஒரு ரோகுத் தாய் லட்சக்கணக்கில் முட்டை இடும். நாலைந்து தாய் இருந்தாலே ஒரு பண்ணையின் ஆண்டு வியாபாரம் நடந்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து. அண்ணனுக்கும் தங்கைக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால், பொறுக்கிச் சேர்த்த வளர்ச்சி சில தலைமுறைகளில் கரைந்துவிடும்.

இப்போது குட்டையை வற்றவைத்து, இலுப்பைப் புண்ணாக்குப் போட்டு ஜிலேபியை ஒழித்தாயிற்று. கால்வாய் மடையில் கொசுவலைத் துணி கட்டியிருக்கிறேன். போன மாதம் ரோகுக் குஞ்சு வாங்கப் போன இடத்தில், "எத்தனை தாய்மீன் வைத்திருக்கிறீர்கள்? ஆண்மீனை எங்கிருந்து வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குக் குஞ்சு வேண்டுமா, ஜாதகம் வேண்டுமா?"

ஜாதகம்தான் வேண்டும் என்றேன். காலி டிரம்மோடுதான் வீடு திரும்பினேன்.