மொனாக்கோவை வரைந்து பார்க்கிறேன்: செங்குத்தான நாடும் ஒரு ஸ்கெட்ச்புக்கும்

மொனாக்கோவின் முக்கியமான இடங்களை எல்லாம் நேரில் நின்று வரைய வேண்டும் என்று எடுத்துக்கொண்ட வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. இதுவரை கைக்குப் பழகியதை எழுதி வைக்கிறேன். ஸ்கெட்ச்புக்கோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கும், சும்மா பார்க்கப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

நாடு மொத்தமே சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். வாட்டிகனுக்கு அடுத்து உலகிலேயே சிறியது. பக்கத்துப் பிரெஞ்சு நகரமான நைஸில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனே மலைக்குள் குடைந்து கட்டியது. வெளியே வந்ததும் வரைகிறவருக்கு முதலில் தட்டுப்படுவது, இங்கே சமதரை என்று ஒன்று அநேகமாக இல்லை என்பதுதான். ஒரு கட்டடத்தின் வாசல் ஒரு தெருவில் இருக்கும், அதன் மொட்டைமாடி மேல்தெருவுக்குச் சமமாக நிற்கும். தெருவுக்குத் தெரு ஏற பொது லிஃப்டும் எஸ்கலேட்டரும் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. அதனால் கண்மட்டக் கோடு எங்கே என்று முடிவு செய்த பிறகே பென்சிலை எடுக்கிறேன். ஒரு லிஃப்ட் ஏறினாலே அந்தக் கோடு மாறிவிடும், முழுப் படமும் மாறிவிடும்.

துறைமுகத்தில் தொடங்குவது நல்லது. போர்ட் எர்க்யூலின் ஒரு பக்கம் அரண்மனைப் பாறை, எதிர்ப்பக்கம் மோன்டே கார்லோ. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய பேருந்துப் படகு போய் வருகிறது. சொகுசுப் படகுகளில் தாளைச் செலவழிக்க எனக்கு மனமில்லை. அவற்றை வெள்ளைத் துண்டுகளாக விட்டுவிட்டு மலையை வரைகிறேன். இங்கே கவனிக்க வேண்டியது துறைமுக வாயிலில் இருக்கும் அலைதடுப்பு. 352 மீட்டர் நீளமுள்ள அது மிதக்கிற கான்கிரீட். ஸ்பெயினின் அல்ஹெசிராஸில் கட்டி, 2002இல் கடல் வழியாக இழுத்து வந்து, ஒரு பிரம்மாண்டமான உருண்டை மூட்டில் கரையோடு கோத்திருக்கிறார்கள். அதைச் சும்மா ஒரு கோடாகப் போட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பாறைமேல் ஏற ராம்ப் மேஜர் என்ற பழைய சரிவுப் பாதை இருக்கிறது. மேலே இருக்கும் அரண்மனைக்கு அடித்தளம், ஜெனோவாக்காரர்கள் 1215இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1297 ஜனவரி 8 அன்று இன்றும் நாட்டை ஆளும் கிரிமால்டி குடும்பத்தின் பிரான்சுவா கிரிமால்டி துறவி வேடத்தில் உள்ளே நுழைந்து அதைக் கைப்பற்றினார் என்பது வரலாறு. அரச சின்னத்தில் வாளேந்திய இரண்டு துறவிகள் இன்றும் நிற்கிறார்கள். தினமும் 11:55க்குக் காவலர் மாற்றம். உருவங்களை வேகமாக வரைந்து பழக இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். கோடையில் காவலர்களுக்கு வெள்ளைச் சீருடை, குளிர்காலத்தில் கறுப்பு. வெள்ளைச் சீருடைக்குப் பெயின்டே தேவையில்லை. முன்னால் நிற்கும் கூட்டத்தின் முதுகுகளை ஒரே இருண்ட வாஷாக (நீர்த்த வண்ணப் பூச்சாக) போட்டு, காவலர்களைத் தாளின் வெண்மையாகவே விட்டால் போதும், அணிவகுப்பு தானாக எழுந்து வரும்.

பக்கத்திலேயே கதீட்ரல். ஹாலிவுட் நடிகையாக இருந்து இளவரசியான கிரேஸ் கெல்லி 1956இல் மணமுடித்ததும் இங்கேதான், 1982இல் அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான். உள்ளே நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவருடைய கல்லறைக் கல்முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எனக்கு மனசுக்குப் பிடித்தது கடலியல் அருங்காட்சியகம். கடலாராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்த இளவரசர் முதலாம் ஆல்பெர் 1910இல் திறந்துவைத்தது. கடலடிப் படங்களால் புகழ்பெற்ற ஆய்வாளர் ஜாக் கூஸ்தோ 1957 முதல் 1988 வரை இதன் இயக்குநராக இருந்தார். தெருப் பக்கம் பார்த்தால் ஒரு கம்பீரமான கட்டடம், அவ்வளவுதான். கடல் பக்கம்தான் அதன் உண்மையான உயரம்: நீர்மட்டத்திலிருந்து 85 மீட்டர். செயின்ட் மார்ட்டின் தோட்டத்துப் பாதையிலிருந்து சாய்வாகப் பார்க்கலாம். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டும் அதே வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் பிடிபடும்: பாறையின் கீறல்கள் சாய்ந்து ஓடுகின்றன, கட்டடக் கல்லின் இணைப்புகள் படுக்கையாக ஓடுகின்றன. முழுவதற்கும் ஒரே வாஷ் கொடுத்து, காய்ந்த பிறகு ஃபைன்லைனர் என்ற மெல்லிய மைப்பேனாவில் கீழே சாய்கோடு, மேலே படுக்கைக்கோடு என்று போட்டேன். இந்த வரிசையிலேயே எனக்குத் திருப்தியாக வந்த பக்கம் அது.

கஸினோவை எல்லோரும் சதுக்கத்திலிருந்து வரைகிறார்கள். பாரிஸ் ஓபராவைக் கட்டிய ஷார்ல் கார்னியேதான் இங்குள்ள ஓபரா அரங்கையும் கட்டினார், 1879இல் திறந்தது. சூதாடி வந்த வருமானத்தில் செழித்த நாடு, ஆனால் சொந்தக் குடிமக்கள் கஸினோவில் ஆடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சதுக்கத்தில் சிற்பி அனிஷ் கபூரின் ‘ஸ்கை மிரர்’ இருக்கிறது. அந்த வட்டக் கண்ணாடிக்குள் விழும் பிம்பத்தை வரைவது நல்ல பயிற்சி. ஆனால் என் ஓட்டு பின்பக்க மாடிக்குத்தான். அங்கே ஓபராவின் கோபுரங்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன, சந்தடியும் குறைவு. கீழே ஒரு கூரை முழுக்க ஓவியர் வசரேலியின் சித்திரம், அறுகோண ஓடுகளால் 1979இல் செய்தது. மேலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும், அதுவும் இந்த ஊருக்குப் பொருத்தம்.

அங்கிருந்து இறங்கினால் பந்தயச் சாலை. 1929இல் தொடங்கிய கிராண்ட் பிரீ கார் பந்தயம் இன்றும் இதே தெருக்களில்தான், ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர். நம் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய வளைவுகள் இவை. ஃபேர்மான்ட் ஹோட்டல் முன்னால் இருக்கும் கொண்டைஊசி வளைவை நடந்து பார்த்தால், காருக்கு எவ்வளவு குறுகல், எவ்வளவு சரிவு என்பது காலுக்கே தெரியும். டிவியில் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. படத்தில் அதைக் கொண்டுவர, ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கர்பை முதலில் போட்டுக்கொள்கிறேன். பட்டைகளின் அகலம் தூரத்தில் குறையும்போது சாலை இறங்குவது போலத் தெரிகிறது.

ஜப்பானியத் தோட்டம் அழகுதான், அரை மணி போதும்.

மீதமிருப்பது மாரெதெரா. கடலைத் தூர்த்து 6 ஹெக்டேர் புதிய நிலம் எடுத்து 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். கடலடியில் 18 கான்கிரீட் பெட்டகங்களை வரிசையாக நிறுத்தி அதன்மேல் கட்டியது. அங்கே இருந்த போசிடோனியா கடற்புல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து மேலே மலை வரை ஒரே பக்கத்தில் பிடிக்க வேண்டும் என்று ஆசை. என்னிடம் இருக்கும் அகலப் புத்தகத்தில் அது அடங்காது. நீளவாக்கில் 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ் தாளை (லேசான சொரசொரப்புள்ள தடித்த நீர்வண்ணத் தாள்) நானே வெட்டித் தைக்கிறேன். உயரம் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு. தையல் முடிந்ததும் காலை வெயிலில் மாரெதெராதான் முதல் பக்கம்.