பால் கணக்கு நோட்டிலிருந்து பாஸ்வேர்ட் மேனேஜருக்கு

போன வருடம் ஒரு ராத்திரி, உங்கள் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழையப் பார்த்தார்கள் என்று ஃபோனில் ஓர் அறிவிப்பு வந்தது. நம் மெயில் முகவரி எந்தெந்தத் தளங்களிலிருந்து திருடுபோன தகவல்களில் இருக்கிறது என்று காட்டும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் (டிராய் ஹன்ட் என்பவர் 2013 முதல் நடத்திவருகிறார்) என் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். எப்போதோ ஒரே ஒரு சேலை வாங்கிய ஒரு கடையின் தளம் பட்டியலில் இருந்தது. அங்கே கொடுத்த பாஸ்வேர்டையேதான் மெயிலுக்கும் வைத்திருந்தேன். மெயில் போய்விட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே போய்விடும். பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று எந்தத் தளத்தில் தட்டினாலும் புது லிங்க் அங்கேதானே வருகிறது.

எங்கள் வீட்டில் கரண்ட் பில், கேஸ், அவருடைய பி.எஃப்., அப்பாவின் பென்ஷன், இரண்டு வங்கிகள் எல்லாம் என் பொறுப்பு. எல்லா பாஸ்வேர்டும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அடித்தும் திருத்தியும் கிடந்தன. இனி எல்லாவற்றையும் ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டால் பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். எது என்பதற்குத்தான் ஒரு மாதம் ஆனது.

குரோமில் இருப்பதே போதுமே என்று முதலில் தோன்றியது. நோட்டோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். ஆனால் அது கூகுள் கணக்கோடு சேர்ந்தது. என் மெயிலும் அதே கணக்கில்தான், அதைக் காப்பாற்றத்தான் இந்த வேலையையே தொடங்கினேன். சாவியை அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்ட மனம் வரவில்லை.

அப்புறம் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரைப் பற்றிப் படித்தேன். 2022இல் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டிய நிலையில் இருந்தாலும், எந்தெந்தத் தளங்களில் கணக்கு என்பது பூட்டப்படாமல் இருந்திருக்கிறது. அதைப் படித்ததும் ஒன்று தெளிவானது. நாளைக்கு எந்த நிறுவனத்திலும் திருட்டுப் போகலாம். அப்போது நமக்குக் காவல் நம் மாஸ்டர் பாஸ்வேர்ட் மட்டும்தான்.

நிறுவனமே வேண்டாம் என்று கீபாஸ் என்ற மேனேஜர் பக்கம் போனேன். 2003 முதல் இருக்கிறது, இலவசம். பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே கோப்பாக நம் கையிலேயே இருக்கும். இரண்டு வாரம் பயன்படுத்தினேன். ஃபோனில் ஒரு வங்கிப் பாஸ்வேர்டை மாற்றினால் லேப்டாப்பில் பழைய கோப்பே இருந்தது. எது புதியது என்று தேட வேண்டியிருந்தது. ஒரே கருவியை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். எனக்கு ஒத்துவரவில்லை. 1பாஸ்வேர்ட் என்ற இன்னொன்றில் மாஸ்டர் பாஸ்வேர்டோடு தனி ரகசிய சாவி ஒன்றும் உண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும். கடைசியில் பிட்வார்டன். இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை கருவியிலும் வைக்கலாம். அதன் நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு நானாக யோசித்தால் பிள்ளைகள் பெயரும் குலதெய்வத்தின் பெயரும்தான் வந்தன. சரி, சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைக்கலாம் என்று பார்த்தேன். மறுநாள் திறக்கவில்லை. வாழைக்கு இசட்-எச் போட்டேனா, எல் போட்டேனா? தட்டுக்கு ஒரு டி-யா, இரண்டா? பிள்ளைகளின் பாம்பும் ஏணியும் பெட்டியிலிருந்து பகடையை எடுத்தேன். 7,776 ஆங்கிலச் சொற்கள் கொண்ட டைஸ்வேர் பட்டியல் இருக்கிறது. ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். அப்படி ஐந்து சொற்கள். எழுத்துக் குழப்பம் இல்லை, என் வாழ்க்கையோடு ஒட்டும் இல்லை. மூன்று நாள் சமைக்கும்போது சொல்லிக்கொண்டே இருந்தேன், மனதில் நின்றுவிட்டது.

மாற்றும் வேலையை ஒரே நாளில் செய்யவில்லை. முதலில் மெயில், அப்புறம் வங்கிகள், மற்றவை லாகின் செய்யச் செய்ய. குரோமிலிருந்து இறக்கும் சிஎஸ்வி கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும். ஏற்றி முடித்த கையோடு அதை அழித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். ஒரு வங்கித் தளம் பேஸ்ட் செய்ய விடவே இல்லை. அதற்கு மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்யச் சுலபமானதாக வைத்தேன். ஏடிஎம் பின்னையும் யுபிஐ பின்னையும் இதில் வைக்கவில்லை.

அதன் மேல் முழு நம்பிக்கை வந்தது ஒரு குறுஞ்செய்தியால். வங்கியில் கேஒய்சி காலாவதியாகிவிட்டதாம், லிங்க்கைத் தொட வேண்டுமாம். தொட்டேன். வங்கிப் பக்கம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் எப்போதும் பாஸ்வேர்டை நீட்டும் பிட்வார்டன் இந்தத் தளத்துக்கு எதுவும் இல்லை என்றது. அது பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கிறது. முகவரியில் கூடுதலாக ஒரு கோடு. என் கண்ணுக்கு அது படவே இல்லை.

கடைசியாக ஒரு கவலை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் பிட்வார்டனாலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே மெயில் முகவரி, மாஸ்டர் பாஸ்வேர்ட், ஃபோன் கையில் இல்லாதபோது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட உதவும் மீட்புக் குறியீடு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம், "என் ஃபோனைத் தொடாம, இந்தத் தாளை மட்டும் வெச்சுத் திறந்து பாருங்க" என்றேன். மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டார்.

"இது யு-வா, வி-யா?"

என் கூட்டெழுத்து. எது என்று சொன்ன பிறகு திறந்தது. மீட்புக் குறியீட்டைப் பயன்படுத்தியதும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அணைந்துவிடும். அதை மறுபடி போட்டு, புதுக் குறியீட்டை எடுத்தேன். தாளைக் கிழித்துவிட்டு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், தனித்தனியாக மறுபடி எழுதினேன். இன்னொரு பிரதியை உறையில் ஒட்டி அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன்.