ஏரிக்கரையில் ஒரு ‘ஏ…ஓ!’

குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்கள் போய் நிற்பதற்கு ஒரு கல்லறை கிடையாது. 1991 நவம்பர் 24 அன்று இறந்த அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியை லண்டனில் தகனம் செய்தார்கள். அஸ்தி எங்கே இருக்கிறது என்பதை நெருங்கியவர்கள் இன்றுவரை வெளியே சொல்லவில்லை. அதனால் கூட்டமெல்லாம் சுவிட்சர்லாந்துக்கு, ஜெனீவா ஏரியின் கிழக்கு மூலையில் உள்ள மோந்த்ரோவுக்கு வருகிறது.

லோசானில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. வலப்பக்கம் ஏரி, இடப்பக்கம் அடுக்கடுக்காக லாவோ திராட்சைத் தோட்டங்கள். “ஒரு சிலையைப் பார்க்கவா அண்ணே இவ்வளவு தூரம்?” என்று தம்பி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

சந்தைத் திடலை ஒட்டி, தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது சிலை. மூன்று மீட்டர் உயர வெண்கலம், ஒரு கை வானத்தை நோக்கி. செக் நாட்டில் பிறந்த சிற்பி இரெனா செட்லெட்ஸ்கா செய்தது, 1996 நவம்பரில் திறக்கப்பட்டது. முகம் கொஞ்சம் இறுக்கம், ஃப்ரெடியிடம் இருந்த குறும்பு அதில் இல்லை என்பது என் கட்சி. காலடியில் பூக்கள், கடிதங்கள், யாரோ வைத்த பொம்மைக் கிரீடம்.

நான் பார்க்க விரும்பியது சிலையைவிட அதைச் சுற்றி நிற்பவர்களை. ஒட்டுப்பட்டைகள் தைத்த பழைய டெனிம் ஜாக்கெட்டில் வயதான ஒரு தம்பதி. பிரேசில் கொடியைப் போர்த்திய இளைஞர் கூட்டம். அவர்களில் ஒருவன் திடீரென்று கையை உயர்த்தி ‘ஏ…ஓ!’ என்று இழுத்தான். அடுத்த நொடி, அவனை முன்பின் தெரியாத நாங்கள் அத்தனை பேரும் ‘ஏ…ஓ!’ என்று திருப்பிக் கொடுத்தோம். சிலையைக் கேலி செய்த தம்பியும்தான்.

1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரி. வெம்ப்ளி அரங்கில் எழுபதாயிரம் பேருக்கு மேல். குயீனுக்குக் கிடைத்தது சுமார் இருபது நிமிடம். அதிலும் ஃப்ரெடி பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு இந்த விளையாட்டை ஆடினார். நேரம் போதாத கச்சேரியில் பாடகர் பாட்டைக் கூட்டத்திடம் விட்டுவிடுகிறார் என்றால் அதற்குத் தனித் தைரியம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1977-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டில் ஒரு கச்சேரி முடிந்து குயீன் மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட்டம் கலையாமல் தானாகவே பாட ஆரம்பித்தது. அது கால்பந்து ரசிகர்கள் பாடும் பாட்டு. கேட்டுக்கொண்டிருந்த கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் ஃப்ரெடியும், ரசிகர்களோடு மல்லுக்கட்டுவதைவிட அவர்களையும் பாட்டில் சேர்த்துக்கொள்ளலாமே என்று யோசித்தார்கள். மே எழுதியது ‘வீ வில் ராக் யூ’, ஃப்ரெடி எழுதியது ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’.

‘வீ வில் ராக் யூ’வின் தாளம்: இரண்டு மிதி, ஒரு கைதட்டு. நெருக்கியடித்து நிற்கும் ரசிகனால் வேறென்ன செய்ய முடியும்? ஒலிப்பதிவில் டிரம்ஸே கிடையாது. லண்டனில் முன்பு தேவாலய மண்டபமாக இருந்த வெஸெக்ஸ் ஸ்டூடியோவில் பழைய பலகைகளின் மேல் மிதித்து, அதையே பலமுறை அடுக்கினார்கள். மே இயற்பியல் படித்தவர். எதிரொலிபோல் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, அடுக்குகளுக்கு இடையிலான தாமத இடைவெளிகளைப் பகா எண்களின் கணக்கில் வைத்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். நாலைந்து பேர் மிதித்தது பெருங்கூட்டம் மிதிப்பதுபோல் கேட்பது அதனால்தான்.

பிரேசில்காரர்கள் அடுத்து ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாடினார்கள். பாடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ராக் இன் ரியோ இசை விழா மேடையில், மேயின் கிட்டாரோடு இந்தப் பாட்டைப் பெரும்பாலும் பாடியது அவர்கள் ஊர்க் கூட்டம்தான். அப்போது பிறந்திருக்கவே வாய்ப்பில்லாத பிள்ளைகள் ஒரு வரி பிசகாமல் பாடினார்கள்.

கரையோரமாக நடந்தால் கசினோ வருகிறது. 1971 டிசம்பரில் அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடக்கும்போது யாரோ சுட்ட தீப்பொறித் துப்பாக்கியால் எரிந்துபோன அதே கசினோ. ஏரி மேல் பரவிய அந்தப் புகையைப் பார்த்து டீப் பர்ப்பிள் ராக் குழு எழுதிய பாட்டு தனிப் பதிவுக்கு உரியது. திரும்பக் கட்டிய கட்டடத்தில் மவுண்டன் என்ற ஒலிப்பதிவு ஸ்டூடியோ வந்தது. 1978-இல் ‘ஜாஸ்’ ஆல்பத்துக்காக இங்கே வந்த குயீன், அடுத்த ஆண்டே ஸ்டூடியோவை வாங்கிவிட்டார்கள். 1981-இல் பாடகர் டேவிட் போவியோடு ‘அண்டர் பிரஷர்’ பிறந்ததும் இங்கேதான்.

2013 முதல் அது அருங்காட்சியகம். கட்டணம் இல்லை. விருப்பப்பட்டால் எய்ட்ஸ் ஒழிப்புக்காக ஃப்ரெடியின் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக்கு நன்கொடை தரலாம். வாசல் சுவர் முழுக்க ரசிகர்களின் கிறுக்கல்: போலிஷ், ஜப்பானியம், ஸ்பானிஷ். தமிழ் கண்ணில் படவில்லை, ஆகவே பேனாவை எடுத்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தேன்.

உள்ளே கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு ஒலியின் அளவையும் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை நாமே ஏற்றி இறக்கி ‘மதர் லவ்’ பாட்டைக் கேட்கலாம். 1991 மே மாதம் ஃப்ரெடி கடைசியாகக் குரல் கொடுத்த பாட்டு அது. நிற்கவே சிரமப்பட்ட நாட்கள். கடைசிச் சரணத்தைப் பாட அவர் திரும்பி வரவில்லை, மே பாடி முடித்தார். மற்றதையெல்லாம் இறக்கிவிட்டுக் குரலை மட்டும் ஏற்றினேன். சாகப்போகிறவரின் குரலில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

பல வருடமாகக் கேட்டும் நான் இரண்டாம்பட்சமாக வைத்திருந்த பாட்டு. மேடையேறாத பாட்டு என்பதால் ரசிகனுக்கு அதில் வேலையில்லை என்று நினைப்பு. ஆனால் இறுதிப் பகுதியில், 1986 வெம்ப்ளி கச்சேரியில் ஃப்ரெடி கூட்டத்தோடு குரல் விளையாடிய துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான ரசிகர்களின் பதில் குரலும் இருக்கிறது.

திரும்பும் ரயிலில் தம்பி, “எனக்கு ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ ஒண்ணுதான் தெரியும். அது ஃப்ரெடி எழுதினதா, மே எழுதினதா?” என்றான். இரண்டு பேரும் இல்லை, பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் என்றேன். “அப்போ அவருக்கு ஏன் சிலை இல்லை?” லோசான் வரும்வரை அந்தச் சண்டைதான். டீக்கன் பக்கம் நின்று வாதாடியது நான் இல்லை, அவன்.