மருத்துவக் கல்லூரித் துறையில் பணிநலம்: எங்கே தொடங்கினோம், எது பலன் தந்தது

'ஊழியர் நலனுக்கு ஏதாவது செய்யுங்கள்' என்று துறைத் தலைவர் சொன்னதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு சிறப்புரை, ஒரு யோகா வகுப்பு, ஒரு சுற்றுலா. இவற்றில் தவறொன்றும் இல்லை. ஆனால் மாலை 5 மணி வகுப்புக்கு வருகிறவர் 5 மணிக்கு வேலை முடிகிறவர்தான். யாருக்காக வகுப்பு வைக்கிறோமோ அவர் அப்போது வார்டில் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிக்கொண்டிருப்பார். அதனால் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இருப்பதில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம் என்ற முடிவோடுதான் இறங்கினோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வு ஒரு நோயாக இடம்பெறவில்லை. சரியாகக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் அதில் விளக்கம் இருக்கிறது. காரணம் பணியிடத்தில் இருக்க, சரிசெய்யும் பொறுப்பை மட்டும் ஊழியர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பொறுப்பை ஏற்கும் முன்பே தலைவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பொறுப்பாளருக்கு வாரத்தில் அரை நாள். அது வாய்வார்த்தையாக இல்லாமல் டியூட்டி பட்டியலிலேயே ஏற வேண்டும். சின்னச் செலவுகளுக்குக் கோப்பு நகர்த்தாமல் எடுக்கக்கூடிய கொஞ்சம் பணம். பிறகு, இதற்காக அமைக்கும் ஊழியர் குழு எழுதித்தரும் எந்தக் கோரிக்கைக்கும் 2 வாரத்துக்குள் 'சரி' அல்லது 'முடியாது, காரணம் இது' என்று ஒரு பதில். கடைசியில் சொன்னதுதான் உயிர்நாடி. 'பார்க்கலாம்' என்ற பதில் இரண்டு தடவை வந்தால் ஊழியர்கள் வாய் திறப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

குழுவுக்கு ஏழெட்டுப் பேர் போதும். மூத்த பேராசிரியர், உதவிப் பேராசிரியர், பயிற்சி மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்புநர், அலுவலக ஊழியர் என்று ஒவ்வொரு தரப்பிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். பல துறைகளில் இது மருத்துவர்களுக்கான திட்டமாகவே முடிந்துவிடுகிறது; அலுவலக ஊழியர்களைக் கேட்பாரில்லை. துறைத் தலைவர் குழுவில் உட்காரக் கூடாது. ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்திடுபவர் எதிரில் இருந்தால் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? மாதம் ஒருமுறை அவருக்குத் தனியே அறிக்கை கொடுத்தால் போதும்.

அடுத்தது அளவீடு. பணிச்சோர்வுக்குப் பரவலாக அறியப்பட்ட கருவி 1981இல் வெளிவந்த மாஸ்லாக் வினாத்தாள். 22 கேள்விகள் கொண்ட அது, மனக்களைப்பு, நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் போகும் ஒட்டாத தன்மை, தன் வேலையில் நிறைவு என்று மூன்றையும் தனித்தனியாக அளக்கும். அதற்குக் கட்டணம் உண்டு. 10 கேள்விகள் கொண்ட மினி-இசட் என்ற வினாத்தாள் சின்னது. ஆவணப்படுத்தும் நேரம், பணியிடக் குழப்பம் பற்றியெல்லாம் நேரடியாகக் கேட்பதால் மருத்துவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அந்தக் கேள்விகளில் பாதி பொருந்தாது. எல்லோருக்கும் ஒரே தாள் வேண்டுமென்றால் 2005இல் வெளியான கோபன்ஹேகன் வினாத்தாளைப் பரிந்துரைப்போம். 19 கேள்விகள், கட்டணம் கிடையாது. தனிப்பட்ட சோர்வு, வேலையால் வரும் சோர்வு, நோயாளி போன்றவர்களோடு பழகுவதால் வரும் சோர்வு என்று மூன்று பகுதிகள் இருப்பதால், நோயாளிகளைச் சந்திக்காதவர்களுக்குக் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம்.

பெயர் கேட்காததாலேயே ஒரு கருத்தாய்வு ரகசியமாகிவிடாது. 20 பேர் உள்ள துறையில் பதவி, பாலினம், பணியாண்டுகள் மூன்றையும் கேட்டால் யார் எழுதியது என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். அதனால் பதவிப் பிரிவு ஒன்றை மட்டும் கேளுங்கள். 5 பேருக்குக் குறைவான எந்தப் பிரிவின் முடிவையும் தனியாக வெளியிடாதீர்கள். பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். தாள்களைத் திரட்டித் தொகுப்பவர் துறைக்கு வெளியே உள்ளவராக இருப்பது நல்லது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 போன்ற வினாத்தாளைப் பெயரில்லாக் கருத்தாய்வில் சேர்க்கவே கூடாது. அதன் 9ஆவது கேள்வி, செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கிறது. ஒருவர் 'தினமும்' என்று குறித்துவிட்டால், அவர் யாரென்று தெரியாமல் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்கான பாதை தனியாக இருக்க வேண்டும்: துறைக்கு வெளியே ஒரு மனநல ஆலோசகர், நேரடியாக அழைக்க ஓர் எண், பணிப்பதிவேட்டில் எதுவும் ஏறாது என்ற எழுத்துபூர்வ உறுதி. அந்த எண்ணைக் கருத்தாய்வின் முதல் பக்கத்திலும் டியூட்டி அறைச் சுவரிலும் அச்சிட்டு வையுங்கள்.

முடிவுகளை 3 வாரத்துக்குள் எல்லோர் முன்பும் வையுங்கள், எவ்வளவு மோசமாக இருந்தாலும். பிறகு ஒவ்வொரு தரப்போடும் தனித்தனியே 45 நிமிடம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி: 'இந்த வாரம் நீங்கள் செய்த வேலையில் யாருக்கும் பயன்படாத வேலை எது?' ஹவாயில் ஒரு மருத்துவமனைக் குழுமம் 2017இல் இதே எண்ணத்தோடு, மின்னணுப் பதிவேட்டில் தேவையில்லை என்று தோன்றுவதையெல்லாம் சொல்லுங்கள் என்று ஊழியர்களிடம் கேட்டது. செவிலியர்கள் மணிக்கொருமுறை நோயாளியைப் பார்த்துவந்ததைக் குறிக்கும் ஒரு பதிவை நீக்கியதில் மட்டும், அவர்களது 4 மருத்துவமனைகளில் மாதத்துக்குச் சுமார் 1,700 செவிலியர் மணி நேரம் மிச்சமானது.

இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் மிகச் சின்னவை. ஒரே ரத்தப் பரிசோதனை முடிவை கேஸ் ஷீட்டில் ஒருமுறை, வார்டு நோட்டில் ஒருமுறை, மாதாந்தரப் புள்ளிவிவரத்துக்கு ஒருமுறை எழுதுவது. ஒருநாள் விடுப்புக்கு நான்கு கையெழுத்து. டியூட்டி அறையில் கட்டிலை ஒட்டியே பொதுத் தொலைபேசி. இரவு 2 மணிக்கு யாருக்கோ வரும் அழைப்பு, கண்ணயர்ந்தவரை எழுப்புகிறது. கதவுக்கு உள்தாழ் இல்லாததால் பெண் மருத்துவர்கள் அந்த அறையில் படுப்பதே இல்லை. தாழ்ப்பாளுக்கும் தலையணை உறைக்கும் கூடுதல் தொலைபேசி ஒயருக்கும் எந்தக் குழு ஒப்புதலும் தேவைப்படாது. கையிலிருக்கும் அந்தக் கொஞ்சப் பணம் இதற்குத்தான்.

வந்த பதில்களை மூன்றாகப் பிரியுங்கள்: துறையே மாற்றக்கூடியவை, இன்னொரு துறை ஒத்துழைக்க வேண்டியவை, நிர்வாகமோ சட்டமோ மாற வேண்டியவை. முதல் வகையில் இரண்டையாவது ஒரு மாதத்துக்குள் முடித்துக்காட்டினால்தான் மற்றவற்றுக்குக் காத்திருக்கும் பொறுமை வரும். முடியாதவற்றையும் காரணத்தோடு பலகையில் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது டியூட்டி பட்டியல். குறைந்தது 4 வாரம் முன்னதாக வெளியிட வேண்டும். ஷிப்டுகள் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியே நகர வேண்டும். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கி இழுத்தால் உடல் எளிதில் ஒத்துப்போகாது. தொடர்ந்து 3 இரவுக்கு மேல் வேண்டாம். இரவு டியூட்டி முடித்தவருக்கு மறுநாள் ஓபி போடக் கூடாது. யாருக்கு எத்தனை இரவு, எத்தனை ஞாயிறு, எத்தனை பண்டிகை நாள் என்ற கணக்கு எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். பணிச்சுமையைப் போலவே நியாயமின்மையும் ஆளைச் சோர்வாக்கும். ஆய்வாளர்கள் மாஸ்லாக்கும் லைட்டரும் பணிச்சோர்வுக்கு வழிவிடுவதாகச் சொன்ன 6 தளங்களில் நியாயமும் ஒன்று. மற்றவை பணிச்சுமை, தன் வேலை மீது தனக்குள்ள கட்டுப்பாடு, வெகுமதி, சக ஊழியர் உறவு, விழுமியங்கள்.

பட்டியல் நன்றாக இருந்தும் திட்டம் சறுக்கும் இடம் விடுப்பு. ஒருவர் விடுப்பில் போனால் அவருடைய நோயாளிகள் அப்படியே பக்கத்து மேசைக்குப் போவார்கள் என்றால், மனசாட்சி உள்ள யாரும் விடுப்பு எடுக்க மாட்டார்கள். விடுப்பு ஒப்புதலான அன்றே அந்த நாளின் முன்பதிவு எண்ணிக்கையும் குறைய வேண்டும். முன்பதிவு மேசையில் இருப்பவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு மிகவும் அர்த்தமுள்ளதாகத் தோன்றும் வேலையில் 20 சதவீத நேரமாவது செலவிட்ட மருத்துவ ஆசிரியர்களிடம் பணிச்சோர்வு குறைவாக இருந்தது. அது கற்பித்தலோ, ஆராய்ச்சியோ, நோயாளியைப் பார்ப்பதோ, ஆளுக்கு ஆள் மாறும். ஆண்டு மதிப்பீட்டின்போது தலைவர் இதை ஒவ்வொருவரிடமும் கேட்டு, வாரத்தில் ஒரு நாளையாவது அதற்கு ஒதுக்கித் தர வேண்டும். கூடிப் பேசும் நிகழ்ச்சிகளும் அப்படியே, வேலை நேரத்துக்குள் வந்தால்தான் பலிக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் நடந்து 2014இல் வெளிவந்த சோதனையில், மருத்துவர்கள் இரு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என 9 மாதம் சிறு குழுக்களாகச் சந்தித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நிறுவனமே பணிநேரத்திலிருந்து கொடுத்தது. ஒட்டாத தன்மை குறைந்தது. எங்கள் பார்வையில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் வாராந்தர ஜர்னல் கிளப்பைக் காலை 7 மணியிலிருந்து மதியத்துக்கு மாற்றுவதே சின்னக் குழந்தை உள்ள ஒருவருக்கு எந்த உரையையும்விட உதவும்.

சிகிச்சையில் விபரீதம் நடந்தால் சம்பந்தப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் கூப்பிட்டுப் பேச வேண்டும். அன்றைய மிச்ச டியூட்டியை வேறொருவர் ஏற்க வேண்டும். பேசுகிறவர் குறிப்பு எழுதக் கூடாது, விசாரணைக் குழுவிலும் இருக்கக் கூடாது. இந்த இரண்டில் எதை மீறினாலும் அடுத்த முறை யாரும் அவரிடம் மனம் திறக்க மாட்டார்கள்.

ஓராண்டு கழித்து அதே வினாத்தாளை அதே மாதத்தில் கொடுங்கள். தேர்வு மாதத்தையும் விடுமுறை மாதத்தையும் ஒப்பிட்டால் எண்களுக்குப் பொருளே இல்லை. முதல் தடவை பதிலளிக்கப் பயந்தவர்கள் இப்போது எழுதுவதால் மதிப்பெண் மோசமாகவும் தெரியலாம். எனவே எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள். கூடவே எடுக்கப்படாத விடுப்பு நாட்கள், பணிவிலகல்கள், இரவு 8 மணிக்குப் பிறகு மின்னணுப் பதிவேட்டில் நுழைந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் வைத்துப் பாருங்கள். பதிவேட்டு எண்ணிக்கையை மொத்தமாக மட்டுமே கேட்டு வாங்குங்கள். பெயர்வாரியாக வாங்கினால் அது கண்காணிப்பாகிவிடும்.